சாமி மரம் என்று சொன்னது நான்தான்

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்டர் மல்லாந்துவிட்டது. மெக்கானிக் வரும்வரை வேலை இல்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் யாரையாவது கடித்துவிடுவேன்.

நேற்று ‘மரக்கிறுக்கி’ என்கிற என் பக்கத்தில் ஒரு வரிசை போட்டேன். பிடித்த மரங்கள் பத்து, பிடிக்காதவை ஐந்து. மூன்று நாள் யோசித்துப் போட்டது. பிடித்ததில் முதலிடம் வன்னி, இரண்டு உசிலை, மூன்று இலுப்பை. பிடிக்காததில் குல்மோகரைச் சேர்த்தேன். காற்றடித்தால் கிளையை உடைத்து ஸ்கூட்டி மேல் போடும், மே மாதம் மட்டும் சிவப்பாகப் பூத்து சீன் போடும். அதற்குப் போய் நூறு பேர் சண்டை! “குல்மோகரச் சொல்ல நீ யாரு? எந்தக் காலேஜ்ல பாட்டனி படிச்ச?”

எந்தக் காலேஜிலும் இல்லை. நான் பி.காம். மரத்தைப் பற்றிப் படிக்க போன் போதாதா? பழைய தாவரப் புத்தகங்கள் எல்லாம் பிடிஎஃப்பில் கிடக்கின்றன. மூன்று வருஷமாகப் படிக்கிறேன். இவனுங்க ஒரு இலையைத் திருப்பிப் பார்த்திருப்பானுங்களா?

பிடிக்காததில் இரண்டாவது கோனோகார்பஸ். எங்கள் திண்டுக்கல் நாகல் நகரில் புது அபார்ட்மெண்ட் வாசலில் வரிசையாக நிற்கிறதே, பச்சைக் குச்சி ஐஸ் மாதிரி. அதில் ஒரு குருவி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலாவது வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். இதில் மட்டும் ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. குளத்தில் அது, வாய்க்காலில் அது, நிலத்தை இரண்டு வருஷம் சும்மா போட்டால் அதிலும் அது. வேடசந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவே வெறுப்பாக இருக்கும்.

ஆனால் ஒருத்தன் கேட்டான் பாருங்கள்: “வன்னிய நேர்ல பாத்திருக்கியா?”

குத்துகிறது. ஒரு கோயில் பிரகாரத்தில் கம்பிக்கூண்டுக்குள் பார்த்தேன். அது கணக்கில் வராது. வெட்டவெளியில் தன் இஷ்டத்துக்கு நிற்கிற வன்னியை நான் பார்த்ததே இல்லை. மற்றதெல்லாம் வெயிலில் கருகும்போது துளிர்விடுகிற மரம். வேர் கிணற்று ஆழத்துக்குப் போகும். தன் அடியில் கம்பு விதைத்தாலும் விளையவிடும். நேரில் பார்க்காத ஹீரோவுக்கு ஊரே கட்அவுட் வைக்கவில்லையா? எனக்கு வன்னி. அவ்வளவுதான்.

ஜூன் 6

கௌசல்யா மெசேஜ். என்னோடு பி.காம். படித்தவள், வேடசந்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் ஊர். “நாளைக்கு எங்க ஊர்க் குளத்துல முள்ளு எடுக்க ஜேசிபி வருது. உன் எதிரியோட சாவுக்கு வர்றியா?”

வராமல் இருப்பேனா!

ஜூன் 7, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

குளம் என்று பெயர். தண்ணீர் தெரியாது, முழுக்க வேலிக்கருவை. இருபது வருஷமாக நடுப்பக்கம் யாரும் போனதில்லையாம், ஆடுகூட. ஜேசிபி ஓட்டுகிறவர் இஷாக் அண்ணன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார், நான் கரையில் நின்று விசிலடித்தேன். கௌசல்யாவின் அப்பா வேலுசாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்மா, ஒனக்கும் அதுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?”

பதினோரு மணிக்கு நடுப்பக்கம் திறந்தது. அங்கே ஒன்று வேறு பச்சையாக நின்றது. அடிமரம் ஒருவர் கட்டிப்பிடிக்கும் அளவு. பட்டை ஆழமாக வெடித்து, முதலை முதுகு மாதிரி. ஓடினேன். கால் முழுக்கக் கிழிந்தது. கிளையை இழுத்துப் பார்த்தேன். வேலிக்கருவையில் முள் இலைக் காம்படியில் ஜோடியாக இருக்கும். இதில் ஒற்றை ஒற்றையாக, கணுவுக்கு நடுவில், அடி அகலமாக. காய் மெலிசாக, விரல்போலத் தொங்கியது.

வன்னி!

கத்திவிட்டேன். நிஜமாகவே கத்திவிட்டேன்.

இஷாக் அண்ணன் வண்டியை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார். “பாப்பா, நகரு.”

“இது வன்னிண்ணே! வேலிக்கருவை இல்ல!”

“முள்ளு இருக்கா?”

“இருக்கு, ஆனா வேற முள்ளு...”

“எனக்கு முள்ளுன்னா முள்ளுதான் பாப்பா. குளத்துக்குள்ள ஒண்ணு விடாம எடுக்கச் சொல்லிருக்காக.”

காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் அதையே சொன்னான். போனில் படம் காட்டினேன். “ரெண்டும் ஒரே மாதிரிதானம்மா இருக்கு” என்றான். ஒரே மாதிரியா! உன் மூஞ்சியும் ஆட்டு மூஞ்சியும் ஒரே மாதிரி என்று சொல்லத் தோன்றியது. வேரைப் பற்றிச் சொன்னேன், கம்பைப் பற்றிச் சொன்னேன், ராஜஸ்தானில் இதுதான் மாநில மரம் என்று சொன்னேன். ஊர்க்காரர்கள் என்னைச் சர்க்கஸ் மாதிரி பார்த்தார்கள். இஷாக் அண்ணன் வாளியைத் தூக்கினார்.

அப்போதுதான் வாயில் வந்தது: “இது சாமி மரம்! வெட்டினா ஊருக்கு ஆகாது!”

ஒரு செகண்ட்தான். வாளி அப்படியே நின்றது. “மொதல்லயே சொல்லக்கூடாதா” என்று இஷாக் அண்ணன் ரிவர்ஸ் எடுத்தார். சூப்பர்வைசர் வழிவிட்டு ஒதுங்கினான். வேலுசாமி அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த முள்காட்டில் வெறும் காலோடு நின்று கும்பிட்டார். “வன்னியா? எங்கய்யா சொல்லுவாரு, இந்தக் குளத்துல ஒரு வன்னி இருந்துச்சுன்னு.”

நான் ஜெயித்தேன்! அறிவியல் சொல்லி அரைமணி நேரம் ஆகாதது ஒரு வார்த்தையில் ஆனது. நான் வேதக்காரப் புள்ள, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவள் – அதனால் என்ன? மரம் நிற்கிறது.

ஜூன் 8

வீடியோ போட்டாயிற்று. ஊர் பெயர், வழி எல்லாம் போட்டு. ‘எதிரிகளுக்கு நடுவே இருபது வருஷம் தனியாக நின்ற தலைவி’ என்று தலைப்பு.

ஜூன் 10

எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல்முறை.

ஜூன் 14, சனி

போய்ப் பார்த்தேன். யாரோ மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. கௌசல்யாவின் அம்மா ராமுத்தாய் மட்டும், “இத்தன நாளு முள்ளுக்குள்ள கெடந்தப்ப ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல” என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கப் போனார். குளத்தை ஒட்டித்தான் அவர்கள் செண்டுமல்லி போட்டிருக்கிறார்கள், ஆயுத பூஜைக்கு.

ஜூன் 19

திருடன்! திருடன்! திருடன்!

ஒரு ஜோசிய சேனல்காரன் என் வீடியோவை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். என் குரலை அமுக்கிவிட்டு, மேலே நாதஸ்வரம். “திண்டுக்கல் அருகே தானாக வெளிப்பட்ட வன்னி. சனிக்கிழமை ஒன்பது சுற்று, எள் தீபம், ஒன்பது இலை பர்ஸில் வைத்தால் கோர்ட் கேஸ் ஜெயம்.” எனக்கு நன்றிகூட இல்லை. நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். என்னுடையதைவிட ஐந்து மடங்கு!

தானாக வெளிப்பட்டதாம். அப்ப நான் யாரு? என் கால்ல இன்னும் காயம் ஆறல!

ஜூன் 28, சனி

முப்பத்தேழு கார். எண்ணினேன்.

இலை பறிக்கிறார்கள். ஒன்பது இலை கேட்டால் ஒரு கிளையையே ஒடிக்கிறார்கள். அடிமரத்தை ஒட்டி எள் தீபம், பட்டையில் எண்ணெய் வழிந்து கரி பிடித்திருக்கிறது. மேலே ஆணி அடித்து ஜாதகத்தைச் சுருட்டி மாட்டியிருக்கிறார்கள். ஜாதகத்தை! ஆணியில்! என் தலைவி உடம்பில்!

ஒரு அம்மாவிடம் ஆணியைப் பிடுங்கினேன். “மரத்துக்கு வலிக்காதா?” என்றேன். “சாமிக்கு வலிக்குமா? நம்ம வலியத்தானம்மா அது வாங்கிக்குது” என்றார். ஆணியைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒருத்தர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, “நீ வேதக்காரப் புள்ளதான? எங்க சாமி விஷயத்துல ஒனக்கென்ன சோலி?” என்றார்.

என்ன சோலியா? இந்த மரத்துக்காக ஜேசிபி முன்னால் நின்றது நீயா நானா?

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அம்மா: “சர்ச் பங்குல எல்லாரும் கேக்குறாக, ஒம்மக வன்னி மரத்துக்குப் பூசாரியாயிட்டாளாமேன்னு.”

“நான் பூசாரிங்கள வெரட்டப் போறேம்மா.”

“அப்ப ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கு” என்றாள். என் அம்மா புஷ்பமேரி டீச்சர் வாயில் சும்மா எதுவும் வராது.

ஜூலை 19, சனி

இதற்கு மேல் என்ன நடக்கும் என்று நினைத்தேன். நடந்துவிட்டது.

பழனிக்குமார் என்று ஒருவர். வேடசந்தூரில் செல்போன் கடை. ஜோசிய வீடியோ பார்த்து வந்து ஒன்பது சுற்றுச் சுற்றினாராம், மறுவாரம் அவர் நிலத் தகராறு தீர்ந்ததாம். அதற்கு நேர்த்தி – மரத்தைச் சுற்றி மேடை. மூன்றடி உயரம். நான் போகும்போது வேரை ஒட்டிப் பள்ளம் தோண்டி, குறுக்கே வந்த வேரை எல்லாம் வெட்டிக் குவித்திருந்தார்கள். அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு மண்ணைக் கொட்டி, மேலே கான்கிரீட், மேலே டைல்ஸ்.

“வேருக்குக் காத்து வேணும்ணே. தண்ணி எறங்கணும்ணே. செத்துரும்ணே.”

நல்ல மனுஷன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். எனக்கு சர்பத் வாங்கித் தந்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, சாமிய மண்ணுல நிக்க வச்சிட்டு நான் மட்டும் டைல்ஸ் வீட்டுல இருக்கவா? மனசு கேக்குமா?”

“அது மண்ணுலதாண்ணே இருக்கணும்! மரம்ணே அது!”

“மரம்னா நீ ஏன் சாமின்னு சொன்ன?”

சர்பத்தைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேடை திறப்பு. போகவில்லை. கௌசல்யா போட்டோ அனுப்பினாள். வெள்ளை டைல்ஸ், நடுவில் கழுத்தை நெரித்த மாதிரி வன்னி. முன்னால் கருப்புக் கல்லில் ‘உபயம்: பழனிக்குமார்’. மரத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

ஆகஸ்ட் 23

இலை கொட்டுகிறதாம். இந்த மாதத்தில் கொட்டக் கூடாது.

ஆகஸ்ட் 30, சனி

பாதிக் கிளை மொட்டை. நுனிக் கிளையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருந்தது. கீழ்க் கிளையில் மட்டும் பச்சை இருக்கிறது. இன்னும் உயிர் இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

ஊரில் பயந்துவிட்டார்கள். சாமி மரம் வாடினால் ஊருக்கு என்ன ஆகுமோ என்று வேலுசாமி அப்பா வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பழனிக்குமாரும் வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. “சாமிக்கு ஏதோ கொறை. புரட்டாசி மொத சனிக்கு ஐம்பது லிட்டர் பால் ஊத்திருவோம். கூட்டமும் நெறையா வரும்.”

ஐம்பது லிட்டர்! மேடைக்குள் தண்ணீர் வெளியேற ஓட்டைகூட இல்லை. உள்ளே புளித்து, மிச்ச வேரும் அழுகிவிடும். எழுந்து சொன்னேன்: “கொறை இல்லண்ணே, மூச்சு முட்டுது. மேடைய ஒடைச்சா பொழச்சிரும். பால் ஊத்தினா அம்புட்டுத்தான்.”

ஒரே சத்தம். கட்டின மேடையை உடைத்தால் உடைத்தவன் குடும்பம் விளங்காது என்று ஒருவர். வேதக்காரப் புள்ள பேச்சைக் கேட்டு உடைப்பதா என்று இன்னொருவர். வேலுசாமி அப்பா எழுந்து வந்தார். என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்: “அம்மா, சாமி மரம்னு நீதான சொன்ன. நெசமா நம்பித்தான சொன்ன?”

பதினைந்து நிமிஷம் கத்திக்கொண்டிருந்தவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

செப்டம்பர் 9

கௌசல்யாவிடம் சொல்லிவிட்டேன். நம்பிச் சொல்லவில்லை, வண்டி நிற்பதற்காகச் சொன்னேன் என்று.

“எங்கப்பா முள்ளுல செருப்பக் கழட்டினாருடி” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 10

கோபம் வருகிறது. யார் மேல் என்று பட்டியல் போட்டேன். ஜோசியன். பழனிக்குமார். ஆணி அடித்தவர்கள். சூப்பர்வைசர். நாலு லட்சம் பேர். வழி போட்டு வீடியோ போட்டவள் – அந்தப் பெயரையும் எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன்.

புரட்டாசி முதல் சனிக்குப் பத்து நாள்தான். அதற்குள் மேடை போகாவிட்டால் மரம் போய்விடும்.

செப்டம்பர் 13, சனி

கௌசல்யா நம்பரிலிருந்து போன். எடுத்தால் ராமுத்தாய் அம்மா.

“ஏ புள்ள, மேடைய ஒடைச்சா நெசமா பொழைக்குமா?”

“சத்தியமாத் தெரியாதும்மா. ஒடைக்காட்டி சாகும், அது மட்டும் தெரியும்.”

“சரி, விடியக்காலம் மொத பஸ்ஸப் புடிச்சு வா. பழைய சட்டையாப் போட்டுட்டு வா.”

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அம்மாவிடம் காரணம் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். டப்பாவில் இட்லி வைத்துக் கொடுத்து, “வந்து பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்க” என்றாள்.

நான் போய்ச் சேரும்போது ராமுத்தாய் அம்மா கடப்பாரையோடு மேடை மேல் நின்றுகொண்டிருந்தார். கௌசல்யா சுத்தியலோடு. முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் எனக்கும் ஒரு சுத்தியல் கொண்டுவந்திருந்தாள்.

வேலுசாமி அப்பா கரையில் நின்று கெஞ்சினார். “பழி வரும் தாயி.”

“வரட்டும், எம்பேர்ல வரட்டும். காரக் கொண்டாந்து பூவுக்குள்ள விட்டு மூணு பாத்தியத் தேய்ச்சுப்புட்டாய்ங்க, அதக் கேக்க ஒரு சாமியும் வரல. இந்தச் சாமி ஒங்கிட்ட வந்து டைல்சு கேட்டுச்சா? ஆறு மாசத்துக்கு முன்ன சோறு தண்ணி இல்லாம நல்லாத்தான நின்னுச்சு?”

சொல்லிக்கொண்டே கடப்பாரையை இறக்கினார். முதல் அடிக்கு டைல்ஸ் மட்டும் தெறித்தது. ஐந்தாவது அடிக்குக் கான்கிரீட் விரிந்தது. நாங்கள் மூவரும் எட்டு மணி வரை அடித்தோம். மண்ணை அள்ள ஆரம்பித்தபோது வேலுசாமி அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். உள்ளே அடிமரம் ஈரத்தில் ஊறிப் புளித்த வாடை அடித்தது. பட்டை கையோடு உரிந்து வந்தது. எனக்கு அழுகை. “அழுகறதுக்கு ஒன்னயக் கூப்புடல, அள்ளு” என்றார் ராமுத்தாய் அம்மா.

ஒன்பது மணிக்குப் பழனிக்குமார் பைக்கில் வந்தார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறப்பதற்குள் ராமுத்தாய் அம்மா கருப்புக் கல்லை எடுத்து, முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தார். “ஒம்பேரு ஒடையாமப் பாத்து எடுத்து வச்சிருக்கேன் தம்பி. வீட்டுல கொண்டுபோய் வையி.”

கல்லை வாங்கிக்கொண்டு அவர் மரத்தைப் பார்த்தார். உரிந்த பட்டையைப் பார்த்தார். “நான் நல்லதுக்குத்தானக்கா செஞ்சேன்” என்றார்.

“ஆமா தம்பி. இந்தப் புள்ளயும் நல்லதுக்குத்தான் சொல்லுச்சு” என்று என்னைக் காட்டினார்.

நான் வேலுசாமி அப்பாவிடம் போனேன். “நம்பிச் சொல்லலப்பா. வண்டிய நிறுத்துறதுக்காகச் சொன்னேன்” என்றேன். அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை. “தெரியும், கௌசி சொல்லுச்சு” என்றார். அப்புறம், “நான் நம்பித்தான் கும்பிட்டேன். அது எங்கணக்கு” என்று மண்ணைக் கொட்டப் போய்விட்டார்.

செப்டம்பர் 16

வீடியோவை நீக்கிவிட்டேன். வழி, ஊர், எல்லாம். ஜோசியனிடம் நீக்கச் சொல்லி எட்டு முறை எழுதினேன். எட்டாவதுக்குக் கைகூப்பும் பொம்மை அனுப்பினான். நாசமாய்ப் போக.

செப்டம்பர் 19, வெள்ளி

நாளைக்குக் கூட்டம் வரும். மேடை இல்லாவிட்டால் என்ன, இலை பறிப்பார்கள், விளக்கு வைப்பார்கள், மிதிப்பார்கள். கம்பி வேலி போடலாம் என்றேன். “கம்பிய ஒரே நாள்ல பிரிச்சுக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுருவாய்ங்க” என்றார் ராமுத்தாய் அம்மா. கரையில் இஷாக் அண்ணன் பிடுங்கிக் குவித்த வேலிக்கருவை மூன்று மாதமாகக் காய்ந்து கிடந்தது. அதைக் காட்டினார்.

நாள் முழுக்க இழுத்தோம். எனக்கு உலகத்திலேயே பிடிக்காத மரம். கவட்டைக் கம்பால் தள்ளித் தள்ளி, ஆளுயரத்துக்கு வட்டமாக, நாலு அடுக்கு. என் இரண்டு உள்ளங்கையிலிருந்தும் பதினாலு முள் எடுத்தாள் கௌசல்யா, ஊசியால். “உன் ரெண்டு லிஸ்ட்லயும் முதலிடம் ஒரே இடத்துல நிக்குதுடி” என்றாள். பத்து நாளுக்குப் பிறகு என்னிடம் சிரித்தாள்.

செப்டம்பர் 20, சனி

இருபது கார். முள்ளைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே கரையிலிருந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மொட்டை மரத்தோடு போட்டோ எடுக்க யாருக்கும் ஆசை இல்லை.

செப்டம்பர் 27, சனி

நாலு கார்.

அக்டோபர் 11

மேல் கிளைகள் போய்விட்டன, அது உறுதி. கீழே மூன்று கிளை எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தன் மெசேஜ்: “அக்கா, புது லிஸ்ட் எப்போ?” பதில் போடவில்லை. என்னத்தப் போட?

நவம்பர் 8, சனி

நாலு நாள் மழைக்குப் பிறகு போனேன். குளத்தில் முழங்கால் தண்ணீர். முள் வட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ்க் கிளை மூன்றிலும், ஆணி அடித்த ஓட்டைக்குப் பக்கத்தில்கூட, துளிர். போனை எடுத்தேன். உள்ளே வைத்துவிட்டேன்.

கரையில் திரும்பும்போது ஒரு வெள்ளைக் கார். கோயம்புத்தூர் வண்டி. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி போனைக் காட்டினார். அதே வீடியோ, அதே நாதஸ்வரம். பின்சீட்டில் ஒரு அம்மா, மடியில் எண்ணெய் பாட்டில்.

“ஏனுங்க தங்கச்சி, இங்க வன்னி மரம் எங்கிருக்குதுங்க?”

“வன்னியா? அப்படி ஒண்ணும் இங்க இல்லண்ணே.”

“அந்தா, குளத்துக்குள்ள முள்ளுக்கு நடுவால பச்சையாத் தெரியுதே, அது என்ன மரமுங்க?”

வேலுசாமி அப்பா வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலிக்கருவைண்ணே” என்றேன். “அது எல்லாமே வேலிக்கருவைதான். பாத்து ரிவர்ஸ் எடுங்க, டயர்ல முள்ளு ஏறும்.”